நிற்பதற்குக் காசா, சுற்றுவதற்குக் காசா?

ஆடி மாதம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். ஐந்தாவது நிமிஷம் கையிலிருந்த தினசரியின் நடுப்பக்கம் பறந்துபோய், பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் முகத்தில் போர்வை மாதிரி படிந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே, "கச்சான்ல பேப்பர் படிக்கப்பிடாது தம்பி" என்று சொல்லி, அதை நாலாக மடித்துத் தன் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டார். விளையாட்டுப் பக்கம் போனது போனதுதான்.

கச்சான் என்றால் மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்ட வழி தேடி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கிடைத்த சந்துகளில் நுழைந்து இந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். மே மாதம் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் வருஷம் பூராவும் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதச் சம்பாத்தியம்தான். மீதி மாதங்களில் அவை... எப்படிச் சொல்ல, சனிக்கிழமை மத்தியான ஆபீஸ் மாதிரி. ஆள் இருக்கும், வேலை நடக்காது.

நான் போய்க்கொண்டிருந்தது மணப்பாடு. சென்னை மேன்ஷன் ஒன்றில் என்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டிய சிநேகிதனின் ஊர். "வந்து பாருடா, எங்க ஊர்க் கடலப் பாத்தா நீ மெரீனா பக்கமே போகமாட்ட" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுச்சூழல் சட்டதிட்டங்களையும் புகையில்லாத மின்சாரத்தையும் பொருளாதார நிபுணர்கள் எப்படி ஆராய்கிறார்கள் என்று சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் வெறும் பி.காம். கிரீக் எழுத்து போட்ட சமன்பாடு வந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவேன். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அவர்கள் சொல்லும் பெரிய விஷயங்களில் பாதிக்கு, தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரையிலான 60 கிலோமீட்டர் ரோட்டிலேயே உதாரணம் கிடைக்கிறது.

ஊரைத் தாண்டியதும் முள்ளக்காடு. எட்டிப் பார்த்தால் உப்பளம், அதற்கப்புறமும் உப்பளம். வெயிலையும் காற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நடக்கும் தொழில். 'சூரிய சக்தி' என்று சொல்லி இதற்கு யாரும் மானியம் தந்ததில்லை, மாநாடு போட்டதில்லை. இந்த முள்ளக்காட்டில்தான் 1986-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் காற்றாலைகளை நட்டது. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி, இங்கே தூத்துக்குடி... இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் என்று சொல்லப்படுபவை இவை. அந்தக் கால மெஷின் 55 கிலோவாட். இப்போது சர்வசாதாரணமாக நடுகிற 3 மெகாவாட் மெஷின் ஒன்றுக்கு ஈடாக, அதில் ஐம்பத்தைந்தை வரிசையாக நிறுத்த வேண்டும். இறக்கையின் நீளம் சுமார் எட்டு மீட்டர். சாதாரண லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். இன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இறக்கை ஒவ்வொன்றும் எழுபது, எண்பது மீட்டர். அது ரோட்டில் வந்தால் பின்னால் வரும் கல்யாண கோஷ்டி முகூர்த்தத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

55 கிலோவாட் ரகத்தின் பூர்வீகம் டென்மார்க். ஏன் டென்மார்க்? அங்கென்ன நம் ஆரல்வாய்மொழியைவிடக் காற்று ஜாஸ்தியா? 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடியபோது, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இறக்குமதி எண்ணெயையே நம்பிக்கொண்டிருந்த டென்மார்க் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது. தச்சர்கள், கொல்லர்கள், பண்ணைக் கருவி செய்கிறவர்கள் என்று ஆளாளுக்குக் காற்றாடி கட்டிப் பார்த்தார்கள். கொல்லுப் பட்டறையாக ஆரம்பித்த வெஸ்டாஸ் என்ற கம்பெனி 1979-ல் காற்றாலை விற்பனையில் இறங்கியது.

ஒரு பொருளின் விலை ஏறினால் அதை மிச்சம் பிடிக்கிற கண்டுபிடிப்புகள் பிறக்கும் என்று ஜான் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1932-லேயே எழுதிவிட்டார். 'சொன்னால் போதுமா, நிரூபி' என்பார்கள் அல்லவா? டேவிட் பாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970 முதல் 1994 வரை அமெரிக்காவில் வாங்கப்பட்ட பேடண்ட்களை எடுத்து, எரிபொருள் விலையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விலை ஏற ஏற, எரிசக்தியை மிச்சம் பிடிக்கும் பேடண்ட்களும் ஏறியிருந்தன. 2002-ல் வெளியான கட்டுரை. நம் வீட்டிலும் இதேதான். காஸ் விலை ஏறிய மாதத்தில்தான் பரணில் கிடந்த இண்டக்‌ஷன் அடுப்பு ஞாபகத்துக்கு வருகிறது.

ஆனால் டென்மார்க் பட்டறைக்காரர்களைப் பெரிய ஆளாக்கியது கலிஃபோர்னியா. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே காற்றாலை நட்டால் தாராளமான வரிச்சலுகை. கப்பல் கப்பலாக மெஷின் போயிற்று. 1985 டிசம்பர் 31-ம் தேதி சலுகை முடிந்தது. அடுத்த வருஷமே வெஸ்டாஸ் கடனில் முழுகி, மற்ற தொழில்களை விற்றுவிட்டுக் காற்றாலையை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டியிருந்தது. காற்று அங்கே நிற்கவில்லை, சலுகை நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே படம் தமிழ்நாட்டிலும் ஓடியது, இரண்டு மூன்று முறை.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்குத் 'தேய்மானம்' நடத்திய புரொஃபசர், "தேய்மானம் என்பது நடக்காத செலவு. ஆனால் இன்கம்டாக்ஸ்காரர் ஒப்புக்கொள்கிற செலவு" என்பார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதன் முழு அர்த்தம் காற்றாலைக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தொண்ணூறுகளில் காற்றாலைக்கு முதல் வருஷமே 100 சதவீதத் தேய்மானம். கணக்கைப் பாருங்கள். 1995-ல் ஒரு நூல் மில்லுக்கு ஒரு கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கம்பெனி வரி சர்சார்ஜோடு சேர்த்து 46 சதவீதம். மில் முதலாளி ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கிப் போட்டால், அந்த ஒரு கோடியையும் செலவு என்று எழுதிவிடலாம். லாபம் பூஜ்யம். வரி பூஜ்யம். இறக்கை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் 46 லட்சம் கையில்! (பிற்பாடு எழுத வேண்டிய தேய்மானத்தை முன்னாலேயே எழுதியதுதானே என்று கேட்கும் சி.ஏ. வாசகர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் இன்றைக்குக் கையில் இருக்கும் 46 லட்சமும் பத்து வருஷத்தில் சில்லறையாக வரும் 46 லட்சமும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.)

இன்னொரு வேடிக்கை. சொத்தை அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதித் தேய்மானம்தான். ஆகவே செப்டம்பர் மாத முடிவுக்குள் எப்படியாவது மெஷினை நிறுத்தி 'ஓட ஆரம்பித்துவிட்டது' என்று சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட ஓட்டமாக ஓடினார்கள். அதைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31. செப்டம்பர் கடைசி என்றால் கச்சான் மூட்டை கட்டும் நேரம். விருந்தாளி பஸ் ஏறிய பிறகு இலை போடுகிற மாதிரி.

இதனால் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்தச் சலுகை இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் காற்றாலைத் தொழிலே வேர் பிடித்திருக்காது. டவர் ஏறும் மெக்கானிக்குகள், கிரேன்காரர்கள், உதிரிபாகப் பட்டறைகள், இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கும் காற்றாலைகள், எல்லாம் அந்த விதையிலிருந்து வந்தவை. ஆனால் விதைக்குக் கொடுத்த காசு விளைச்சலைப் பற்றிக் கேட்கவே இல்லை. காற்று குறைவான இடம், சர்வீஸுக்கு ஆள் இல்லாத மெஷின், எதுவானாலும் சலுகை ஒன்றுதான்.

1996-ல் குறைந்தபட்ச வரி ஒன்று வந்தது. லாபம் பூஜ்யம் என்று எழுதிக் காட்டினாலும் கொஞ்சம் கட்டு என்றது. 1997 பட்ஜெட்டில் கம்பெனி வரி 35 சதவீதமாகக் குறைந்தது. வரியே குறைந்த பிறகு வரியைத் தப்பிக்க மெஷின் எதற்கு? 1995-96-ல் நாடு முழுக்க 380 மெகாவாட் அளவுக்கு நட்டவர்கள், இரண்டே வருஷத்தில் 70 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். மலைச் சந்தில் அதே காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பது இந்த மாதிரித் தருணங்களுக்குத்தான். அவர்களுக்குச் சோதனைச்சாலை கிடையாது. ஒரு தெருவில் இரண்டு டீக்கடை. அதே பால், அதே தூள், அதே மாஸ்டரின் தம்பி. ஒரு கடையில் மட்டும் விலை மாறினால் கூட்டம் என்ன ஆகிறது? மற்றதெல்லாம் மாறாமல் ஒன்று மட்டும் மாறும் இடத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் அவர்கள் சாமர்த்தியம்.

அப்படி ஒரு இடம் 2009-ல் அமெரிக்காவில் கிடைத்தது. அதுவரை அங்கே காற்றாலைக்காரர்களுக்கு உற்பத்தி செய்த யூனிட்டுக்கு இவ்வளவு என்று வரிச்சலுகை. பொருளாதார நெருக்கடி வந்ததும், 'வேண்டுமானால் அதற்குப் பதிலாக, கட்டிய செலவில் 30 சதவீதத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்' என்று அரசாங்கம் சொன்னது. ஜோசப் ஆல்டி, டாட் ஜெரார்டன், ரிச்சர்ட் ஸ்வீனி என்ற மூவர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ரொக்கம் வாங்கிய பண்ணைகள், யூனிட் கணக்கில் சலுகை வாங்கியிருந்தால் எவ்வளவு உற்பத்தி செய்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விடை: ரொக்கம் வாங்கியவர்களிடம் 10 முதல் 12 சதவீதம் குறைவு. காரணம் நமக்குப் புரியாததா? யூனிட்டுக்குக் காசு என்றால் கியர்பாக்ஸ் ராத்திரி இரண்டு மணிக்குப் பழுதானாலும் ஆள் ஓடும். காசை முதலிலேயே வாங்கிவிட்டால் 'திங்கட்கிழமை பார்க்கலாம்.'

நம் ஊரிலும் இது உறைக்காமல் இல்லை. 2009 டிசம்பரில் மத்திய அரசு, யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தேய்மானச் சலுகை வேண்டுமா (அப்போது அது 80 சதவீதம்), 50 பைசா வேண்டுமா, ஏதாவது ஒன்று. நல்ல யோசனை. பிறகு என்ன செய்தார்கள்? 2012 ஏப்ரலில் இரண்டையும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருஷம் நாடு முழுக்க சுமார் 3,200 மெகாவாட் நட்ட தொழில், அடுத்த வருஷம் 1,700-க்கு விழுந்தது. 2013-ல் ஒன்று திரும்ப வந்தது, 2014-ல் இன்னொன்று. 2017-ல் யூனிட் ஊக்கத்தொகை முடிந்தது, தேய்மானம் 40 ஆயிற்று, ஏலம் வந்தது. அந்தப் பிப்ரவரி ஏலத்தில் காற்று மின்சாரம் யூனிட் 3 ரூபாய் 46 பைசாவுக்குக் கிடைத்தது. ஜனங்களுக்கு லாபம்தான். ஆனால் 5,500 மெகாவாட் நட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம் 1,800-கூடத் தேறவில்லை. குழாயைத் திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது... எந்தச் சலுகை நல்லது என்பதைவிட, நாளைக்கு அது இருக்குமா என்பதுதான் பட்டறை வைத்திருப்பவனின் கவலை.

திருச்செந்தூரில் பஸ் மாறினேன். பேப்பர் பெரியவர் இறங்கும்போது விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். நசுங்கியிருந்தது. இந்தியா தோற்றிருந்தது. இரண்டும் பொருத்தம்.

ஆலந்தலை தாண்டிக் கல்லாமொழி. கடலுக்குள் தூண் தூணாக நீண்டுகொண்டே போகிறது ஒரு பாலம். உடன்குடி அனல்மின் நிலையத்துக்காக, 660 மெகாவாட் யூனிட் இரண்டுக்காக, கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கக் கட்டியது. கடற்கரை ஓரத்தில் இல்லை. கடலுக்குள் பல கிலோமீட்டர். வலை போடுகிற இடத்துக்குக் குறுக்கே வருகிறது என்று இந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த சங்கதி பேப்பரில் வந்ததுதான்.

நாங்கள் இருந்த மேன்ஷனுக்குக் கீழே ஒரு டீக்கடை. அதன் அடுப்புப் புகை நேராக எங்கள் கொடிக்கு வரும். வெள்ளைச் சட்டை காய்வதற்குள் சாம்பல் சட்டை. மறுபடி சலவைக்கு எனக்குத் தண்டச் செலவு. அந்தச் செலவு டீ விலையில் இருக்கிறதா? இல்லை. டீ குடிப்பவனுக்கு மலிவு, கடைக்காரருக்கு லாபம், நஷ்டம் மாடியில் இருப்பவனுக்கு. இப்படிக் கணக்கில் வராமல் அடுத்தவன் தலையில் விழும் செலவைக் கணக்குக்குள் கொண்டுவர ஒரு வரி போடு என்று ஆர்தர் பிகூ என்ற கேம்பிரிட்ஜ் புரொஃபசர் 1920-ல் எழுதினார். நூறு வருஷமாகச் சுற்றுச்சூழல் பொருளாதாரம் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் வருகிறது.

இந்தியாவிலும் போட்டார்கள். பெயரை மாற்றி. 2010 ஜூலையில் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் 'சுத்த எரிசக்தி' வரி. அது 100, 200 என்று ஏறி 2016-ல் 400 ஆயிற்று. அந்தப் பணத்தில் புகையில்லாத மின்சாரத்துக்கு ஆராய்ச்சியும் திட்டங்களும் நடக்கும் என்றார்கள். வசூலானதில் பெரும்பகுதி அதற்கான நிதிக்கே போய்ச் சேரவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும், மாநிலங்களுக்கு நஷ்டஈடு தரும் கணக்கில் அது கரைந்தது. 2025 செப்டம்பரில் டன்னுக்கு 400 என்பதை எடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதமாக ஏற்றினார்கள். பார்த்தால் எல்லாம் வரிதானே என்று தோன்றும். டன்னுக்கு இவ்வளவு என்றால் மட்டக் கரியும் உசத்திக் கரியும் ஒரே வரி கட்டும். விலையில் இத்தனை சதவீதம் என்றால் மலிவான மட்டக் கரிக்கு வரியும் மலிவு. சாம்பல் அதிகம் தருகிற கரிக்குச் சலுகை! அக்கவுண்ட்ஸ் படித்தவன் சும்மா இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

சரி, வரியும் சட்டமும் போட்டாயிற்று. புகையை அளப்பவர் யார்? ஆடிட்டர்! குஜராத்தில் தொழிற்சாலைகள் தாங்களே ஆடிட்டரைப் பிடித்து, தாங்களே ஃபீஸ் கொடுத்து, புகைக் கணக்கு ரிப்போர்ட் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ரிப்போர்ட்கள் எல்லாம் விதித்த வரம்புக்குச் சற்றே கீழே, அழகாக வரிசை கட்டி நின்றன. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகிய நாலு பேர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 473 ஆலைகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு மட்டும் விதியை மாற்றினார்கள். ஆடிட்டரை ஆலை தேர்ந்தெடுக்க முடியாது. ஃபீஸ் பொது நிதியிலிருந்து. திடீரென்று இன்னொருவர் போய் மறுபடி அளப்பார். அவ்வளவுதான். ஆடிட்டர்கள் உண்மையை எழுத ஆரம்பித்தார்கள். ஆலைகளின் மாசும் குறைந்தது. 2013-ல் வெளியான அந்தக் கட்டுரையை, மாதக் கடைசியில் யாரிடம் ஃபீஸ் வாங்குகிறோம் என்று தெரிந்த எந்த ஆர்ட்டிகிள் கிளார்க்கும் ஒரே மூச்சில் படித்துவிடுவான். பிறகு 2019-ல் சூரத்தில் தூசுக்கு ஒரு சந்தையே ஆரம்பித்தார்கள். மொத்தம் இவ்வளவு தூசுதான் விடலாம், குறைவாக விட்டவன் மிச்சத்தை மற்றவனுக்கு விற்கலாம். அதில் சேர்ந்த ஆலைகளின் தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. 2011-ல் இப்படி ஒரு சோதனைக்கு மத்திய அரசு போட்ட பட்டியலில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. நடத்திக் காட்டியது சூரத்.

குலசேகரப்பட்டினத்தைக் கடந்தோம். தசராவுக்கு வேஷம் கட்டுகிற ஊரில் இப்போது ராக்கெட் தளமும் வருகிறது. அது தனிக் கதை.

மணப்பாடு வந்ததும் சிநேகிதன் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை என்று தெரிந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று. அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே 1542-ல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ஆற்று முகத்துவாரத்தில் அசையாத நீர். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. முத்துதான் 1961-க்குப் பிறகு இல்லை. குன்றின் மேல் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. நாம் நிற்கிறோமா, காற்று நம்மை நிறுத்தி வைத்திருக்கிறதா என்று சந்தேகம்.

சிநேகிதன் வீட்டு மாடியில் சோலார் தகடு. 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இதுவும் 'நட்டால் காசு' ரகம்தானே என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அம்மா ஈரத்துணியோடு மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். கடல் காற்றில் தகடு முழுக்க உப்புப் படியும். துடைக்காவிட்டால் யூனிட் குறையும், யூனிட் குறைந்தால் பில் ஏறும். வாரம் தவறாமல் துடைக்கிறார்கள். மானியம் ஒரு தடவைதான். ஆனால் பில்லோ யூனிட் கணக்கில்! யாரும் அம்மாவுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்துக் காட்டவில்லை.

அந்தத் தகடு இவ்வளவு மலிவாக ஒரு மீனவர் வீட்டுக்கு வந்ததற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. செய்யச் செய்யக் கை பழகும், கை பழகப் பழகச் செலவு குறையும் என்று டி.பி. ரைட் என்ற பொறியாளர் 1936-ல் விமானத் தொழிற்சாலைக் கணக்கைப் பார்த்துச் சொன்னார். சூரியத் தகட்டில் அது அப்படியே பலித்தது. ஜெர்மனி 2000-ல் நல்ல விலைக்குச் சட்டம் போட்டு வாங்க ஆரம்பித்தது, சீனா தொழிற்சாலைகளைக் கட்டிக் குவித்தது, விலை சரிந்தது. 2010 கடைசியில் இந்தியாவில் ஏலம் விட்டபோது யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். 2017-ல் ராஜஸ்தானில் 2 ரூபாய் 44 பைசா. நடுவில் கமுதியில் 648 மெகாவாட் மின்சாரத்துக்குத் தமிழ்நாடு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 பைசா. முதலில் வாங்குகிறவன் மற்றவர்களின் படிப்புக்கும் சேர்த்து ஃபீஸ் கட்டுகிறான். அவசரப்பட்டோமா என்று கேட்டால், விலை இப்படிச் சரியும் என்று தெரிந்தும் நீண்ட கால ஒப்பந்தத்தை அந்த விலையில் போட்டது அவசரம்தான் என்பது என் கட்சி.

சாயங்காலம் சிநேகிதனின் அப்பா, வீட்டுச் சுவரின் காற்று மறைவில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி எதப் பத்தி எழுதுதிய?"

"காற்றாலை, கரண்டு... இதையெல்லாம் படிச்சவங்க எப்படி ஆராய்ச்சி பண்றாங்கன்னு எழுதறேன் ஐயா."

"நாங்க சின்ன வயசுல பாய் விரிச்சுப் போனவுக. காத்துக்கு ஒரு பைசா குடுத்தது கெடையாது. இப்ப இஞ்சின். மண்ணெண்ணெய்க்குச் சலுகை இருக்கு. ஒண்ணு கேக்கேன். பாய் கட்டிப் போறவனுக்கு என்ன சலுகை?"

நான் முழித்தேன். சிநேகிதன் சிரித்தான். பேச்சை மாற்ற, நூல் மில்லும் 46 லட்சமும் செப்டம்பர் 30-ம் உள்ள கதையை அவருக்குச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் மூன்று பேர் வருஷக்கணக்காகப் புள்ளிவிவரம் சேர்த்துக் கண்டுபிடித்ததை, நூலைப் பல்லால் கடித்துவிட்டு அவர் சொன்னார்:

"அப்ப நிக்கதுக்குக் காசு குடுத்திருக்காவ. சுத்துததுக்குக் குடுக்கல."

அவ்வளவேதான் ஐயா, என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கடல் பக்கம் முகத்தைக் காட்டி, "இந்தக் கடலுக்குள்ளயும் ஃபேன் வைக்கப் போறதாச் சொல்லுதாவளே, நெசந்தானா?" என்றார்.

நிஜம்தான். 2024 ஜூனில் மத்திய மந்திரிசபை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. மன்னார் வளைகுடாவின் காற்று இந்தியாவிலேயே உசத்தி என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கடலில் நடும் செலவு தரையைவிடப் பல மடங்கு என்பதால்தான் இந்தக் கை கொடுத்தல். தரையில் 1986-ல் தூத்துக்குடியில் ஆரம்பித்த மாதிரி, கை பழகும் வரைக்குமான ஃபீஸ். சொன்னேன்.

"ஃபேன் காலு நிக்க எடத்துல வலை போட முடியாது. சுத்திலயும் வரப்பிடாதுன்னு சொல்லுவாவ. சரி, கரண்டு வேண்டியதுதான். எங்க வீட்டுலயும் லைட்டு எரியுதுல்லா. வேற ஊருல எப்பிடிச் செய்தாவளாம்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. டென்மார்க்கில், கோபன்ஹேகன் நகரத்துக்கு எதிரே கடலில், 2000-ல் மிடெல்குரூண்டன் என்ற இடத்தில் 20 காற்றாலைகள் நட்டார்கள். அதில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு வருமானம், அதற்குத் தக்கபடி பங்கு. மீனவர்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க அங்கே சட்டமும் இருக்கிறது.

கூட்டுறவு என்றதும் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"வருசா வருசமா?"

"வருஷா வருஷம்."

"அப்ப இங்க எங்களுக்குக் குடுக்கது எப்பிடி? ஒரு தடவ கையில வச்சுட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவாவளா? இல்ல, அது சுத்துத வரைக்கும் உண்டா?" வலையின் ஒரு முனையை இழுத்துப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். காற்றில் அது தோணிப் பாய் மாதிரி உப்பிக்கொண்டு என்னையும் சேர்த்து இழுத்தது. "பத்திரிகைல எழுதுதியள்லா தம்பி, எழுதும்போது இதையும் கேளுங்க. நிக்கதுக்கா, சுத்துததுக்கான்னு. விட்டுராதிய, இறுக்கிப் பிடிங்க... வலையச் சொன்னேன்."